கடைசிக் கண்ணியும் ஒரு ஊக்கும்

எங்க கோயமுத்தூர்ல யாரும் யாரையும் வேலை ஏவ மாட்டாங்க. கேப்பாங்க. அதுவும் எப்படிக் கேப்பாங்க தெரியுங்களா, முடியாதுன்னு சொன்னா நாமதான் மனுச ஜென்மமே இல்லைன்னு தோணற அளவுக்கு மருவாதையாக் கேப்பாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, இதைச் சித்தெ புடிச்சுக்கறீங்களாம்பாங்க. தொந்தரவா நினைக்கலீன்னா இது இங்கயே இருக்கட்டுமுங்களாம்பாங்க. அதுக்கு நாம சொல்ல வேண்டிய பதிலையும் ஊரே கூடி முடிவு பண்ணி வெச்சிருக்குது. "அதுக்கென்னங்க." எனக்கு வாய் வந்த நாள்ல இருந்து நான் பேசுனதுல பாதி இந்த ஒத்தை வார்த்தையாத்தான் இருக்கும்.

என் பேரு மெர்சி. சிங்காநல்லூர்ல பஸ் ஸ்டேண்டுக்குப் பின்னாடி சந்துல ஊடு. திருமலைசாமின்னு ஒருத்தரோட பம்ப்செட்டு ஸ்பேர் கடையில பில் போடறேன். ஊட்டுக்காரர் பிரான்சிஸ், என்னையக் கட்டிக்கறதுக்காக ஞானஸ்நானம் வாங்குனவரு, மோட்டாருக்குக் காயில் சுத்தறாரு. மாமியார் மயிலாத்தாள் எங்களோடதான் இருக்காங்க. நாங்க சர்ச்சுக்குப் போவோம், அவங்க மாரியாத்தா கோயிலுக்குப் போவாங்க, அதுல ஒரு சண்டையும் இல்லை. மக ஒருத்தி, காலேஜு படிக்கறா.

எங்க ஊட்ல பீரோ இருக்குது. மேல் தட்டுல ஊட்டுக்காரரோட பத்திரமும் ரேசன் கார்டும், நடுத் தட்டுல அவரு துணி, அதுக்குக் கீழ மக துணி, அடித் தட்டுல அத்தையோட சீலையும் சூடத்து டப்பாவும். என் சீலையெல்லாம் கட்டிலுக்கு அடியில தகரப் பொட்டில கெடக்குது. தப்பா நினைக்காதீங்க, யாரும் என்னைய வெக்க வேண்டாம்னு சொல்லலை. எடந்தான் இல்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்துச்சு. என் சாமானை மட்டும் வெக்கறதுக்கு ஒரு பை வேணும். படிக்கற கண்ணாடி, கைக்குட்டை, பொறவு ஒரு பாக்கெட் கடலை மிட்டாய். அதை யாருக்கும் சொல்லாம, மத்தியானம் பில் போடாத நேரத்துல நான் மட்டும் திங்கணும். அவ்வளவுதான். பங்களா கேக்கலை, கார் கேக்கலை.

கடையில வாங்குற ரெக்சின் பையெல்லாம் எங்க ஊட்டுக்கு வந்தா ஆறு மாசம் தாங்காது. தோல் உரிஞ்சு, காது அந்து, ஜிப்பு வாயைப் பொளந்துரும். அப்பத்தான் போன்ல ஒரு வீடியோ பாத்தேன். கயிறு மாதிரி மொத்தமான பருத்தி நூலு, பென்சிலை விடக் கொஞ்சம் மெலிசு. பெரிய குரோஷா ஊசில ஒரு பொம்பளை பை பின்னறா. பின்னி முடிச்சு அதுக்குள்ள தண்ணி கேனைத் தூக்கி வெச்சுக் காட்டறா. எனக்கு உசுரே அங்க போயிருச்சு. நூலு ஆர்டர் போட்டு வாங்கி, சாயங்காலம் சோறாக்குன கையோட உக்காந்து பின்னுனேன். அந்த நூலோட மல்லுக்கட்டி கட்டை விரலு வீங்கிப் போச்சு. தளர்வாப் பின்னுனா கனம் வெச்சதும் தொங்கிப் போயிருமுன்னு, ஒவ்வொரு கண்ணியையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இறுக்கிப் பின்னுனேன். அடிவட்டம் தோசைக்கல்லு அகலம். அதுல இருந்து சுத்திச் சுத்தி மேல ஏறி, கைப்பிடி வரைக்கும் ஒரே ஓட்டமா வந்துட்டேன்.

குரோஷாவுக்கு ஒரு குணம் இருக்குது. தறி நெசவு மாதிரி குறுக்கும் நெடுக்கும் இல்லை. அடியில இருந்து கைப்பிடி வரைக்கும் எல்லாக் கண்ணியும் ஒரே நூலு. கடைசிக் கண்ணியை இழுத்து முடிச்சுப் போட்டுட்டா யானை மிதிச்சாலும் அசையாது. முடிச்சுப் போடாம நூலைப் புடிச்சு இழுத்தா, வந்த வழியே எல்லாம் திரும்பி வந்துரும். நான் முடிச்சுப் போடலை. மேல ஒரு மூடி வெச்சு மரப் பட்டன் தெக்கணும்னு இருந்தேன். டவுன்ஹால் கடைவீதிக்குப் போயி பட்டன் வாங்கியாந்து அளவு பாத்துப் பின்னிக்கலாம்னு, கடைசிக் கண்ணியை ஒரு ஊக்குல மாட்டி, மிச்ச நூலு உருண்டையைப் பைக்குள்ளயே போட்டு வெச்சேன்.

பட்டன் வாங்கவே போகலை. எங்க விட்டாங்க? அடுத்த நாள் காத்தால நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள பைக்குள்ள ஒரு டம்ளர் இருந்துச்சு.

அத்தையோட டம்ளர். அவங்க அந்த எவர்சில்வர் டம்ளரைத் தவிர வேற எதுலயும் தண்ணி குடிக்க மாட்டாங்க. வெளியூர் போனா டம்ளரும் வரும். "நல்லா உறுதியாப் பின்னியிருக்கறே கண்ணு, இது நசுங்காம இருக்கும் பாரு"ன்னாங்க. பாராட்டறாங்களேன்னு பல்லைக் காட்டிக்கிட்டு அதுக்கென்னங்க அத்தைன்னு சொன்னேன். அந்த வாரமே தைலப் புட்டி வந்துச்சு, மாத்திரை டப்பா வந்துச்சு. மக அவ பங்குக்குச் சார்ஜரைப் போட்டா, முடியை நீட்டிவிடற மிஷினைப் போட்டா. ஊட்டுக்காரர் பையைக் கையில தூக்கிப் பாத்து, இதுல மோட்டாரையே வெக்கலாம் போலிருக்குதே அம்மணின்னு மெச்சிப்போட்டு ஒரு ஸ்பேனரை உள்ள எறக்குனாரு. கூடவே டெஸ்டர், கண்ணாடிக் கூடு, மழை வந்தா இருக்கட்டும்னு ஒரு ரெயின்கோட்டு.

கடைக்கும் சேதி போயிருச்சு. எங்க மொதலாளி திருமலைசாமி நெம்பத் தங்கமான மனுசன். ஏனுங்க மெர்சி, இந்த டூப்ளிகேட் சாவி உங்க பைல இருந்தா எனக்கு நிம்மதிங்கன்னு கொண்டாந்து குடுத்தாரு. அவரு நிம்மதியா இருந்தாரு. நான் தோள் பட்டைக்கு அத்தையோட தைலத்தை வாங்கித் தேச்சேன். அதுலயாவது ஒரு லாபம்.

ஒரு ஞாயித்துக்கெழமை பூசை நேரம். எல்லாரும் மண்டி போட்டுத் தலை குனிஞ்சு, ஊசி விழுந்தா கேக்கற அமைதி. என் பைக்குள்ள இருந்து குத்துப்பாட்டு கெளம்புச்சு. மக போனு. பொண்ணு பைல போட்டுட்டு கொயர்ல பாடப் போயிட்டா. நான் கையை உட்டுத் துழாவறேன், டம்ளர் வருது. மறுபடி துழாவறேன், ஸ்பேனர் வருது. ரெயின்கோட்டு வருது. பெஞ்சு மேல ஒவ்வொண்ணா எடுத்து வெச்சுக்கிட்டு இருக்கறேன், பாட்டு ரெண்டாவது சரணத்துக்குப் போயிருச்சு. ஃபாதர் பீடத்துல நின்னு என்னையப் பாத்தாரு. ஊட்டுக்காரர் பக்கத்துலதான் இருந்தாரு. நான் யாரோ எவளோங்கற மாதிரி சித்தெ தள்ளி உக்காந்துக்கிட்டாரு.

இதுல கூத்து என்னன்னா, என் பைல என் சாமானுக்கு எடமில்லை. என் கண்ணாடியும் கைக்குட்டையும் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர்ல போச்சு. தோள்ல பை, கையில கவர். பாத்தவங்க அத்தனை பெரிய பை இருக்கறப்ப கவர் எதுக்குங்கன்னு கேட்டாங்க. பைக்குள்ள எனக்குன்னு மிஞ்சியிருந்தது அந்த நூலு உருண்டையும், அதுக்கு அடியில ஒளிச்சு வெச்ச கடலை மிட்டாயும்தான். அந்த உருண்டையைக் கூட வெட்டி எடுத்துட்டா இன்னும் நல்லா எடங் கெடைக்குமே கண்ணுன்னு அத்தை கேட்டாங்க. அன்னைக்கு மட்டும் எனக்கு அதுக்கென்னங்க வரலை. இருக்கட்டுமுங்க அத்தைன்னு சொல்லிப்போட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

மிட்டாயும் மாட்டிக்கிச்சு. ஒருநாள் நான் பையை ஊட்லயே மறந்துட்டுக் கடைக்குப் போயிட்டேன். அத்தை மாத்திரை தேடிக் கையை உட்டாங்களாம், பாக்கெட்டு வந்துருச்சாம். "அட, நமக்குன்னு வாங்கி வெச்சிருக்குது பாரு புள்ளை"ன்னு வாயார வாழ்த்திக்கிட்டே பேத்திக்கு ஒண்ணு, மகனுக்கு ஒண்ணு, பக்கத்து ஊட்டுப் புள்ளைகளுக்கு ஒண்ணுன்னு பங்கு வெச்சாங்க. நான் கடையில இருந்து வந்தப்ப காலிப் பாக்கெட்டைக் காட்டி நன்றி வேற சொன்னாங்க. நான் குளியலறைக்குள்ள போயி தண்ணியைத் தொறந்து உட்டுட்டு அழுதேன். கடலை மிட்டாய்க்கு அழுவாங்களான்னு கேக்காதீங்க. அழுவாங்க.

அதை விடப் பெரிய வயித்தெரிச்சல் ஒண்ணு இருந்துச்சு. விசேசத்துக்குப் போனா பையை யாராச்சும் பாத்துக்கணும். எல்லாரோட சாமானும் இருக்கற பை இல்லீங்களா. அந்த யாராச்சும் எப்பவும் நாந்தான். எங்க சித்தப்பா மகன் ஊட்டுப் பால் காய்ப்புக்கு எடுத்த குரூப் போட்டோ வாட்ஸப்புல வந்துச்சு. ஓரத்துல பை தெரியுது. பையைப் புடிச்ச கை தெரியுது. கைக்கு மேல ஆளில்லை. மக அதைப் பாத்துச் சிரிச்சுட்டு, அம்மா நீங்க இருக்கீங்க பாருங்கன்னா.

வைகாசியில பவானியில கண்ணாலம். ஊட்டுக்காரரோட தம்பி நஞ்சப்பன் மகளுக்கு. என்னைய மூணு வயசுல இருந்து பெரியம்மா பெரியம்மான்னு சுத்திக்கிட்டு வந்த புள்ளை. அவ போன்ல சொல்லியிருந்தா, மேடையில நீங்க என் பக்கத்துல நிக்கோணும் பெரியம்மா, போன தடவ மாதிரி காணாமப் போயிராதீங்கன்னு. எனக்கு அது ஒண்ணுதான் மனசுல. புதுச் சீலை எடுத்தேன், மயில் கழுத்து நீலம். மத்தது எல்லாம் என்னமோ ஆகட்டும், அந்தப் போட்டோவுல நான் இருக்கணும்.

கெளம்பற அன்னைக்குப் பை எப்படி இருந்துச்சுங்கறீங்க. டம்ளர், தைலம், மாத்திரை, முடி மிஷின், சார்ஜர், சீப்பு. தம்பி ஊட்டு போர் மோட்டாரு சத்தம் போடுதாம், அப்படியே பாத்துப்போடலாம்னு ஸ்பேனரும் டெஸ்டரும். பவானி பஸ்ஸுல ஏறறப்ப கண்டக்டர் அதைப் பாத்துட்டு லக்கேஜ் சீட்டு போடலாமான்னு ஒரு யோசனை யோசிச்சாரு. உக்கார எடம் கெடைச்சது நாலு. அத்தை உக்காந்தாங்க, மக உக்காந்தா, ஊட்டுக்காரர் உக்காந்தாரு, இன்னொரு சீட்டுல பையை வெச்சாங்க. அவிநாசி வரைக்கும் நான் நின்னுக்கிட்டு வந்தேன்.

மண்டபத்துல தாலி கட்டி முடிஞ்சு, மேடைக்கு வரிசை நின்னுச்சு. மைக்குல பொண்ணோட பெரியப்பா குடும்பம் வாங்கன்னு கூப்புட்டாங்க. சீலை மடிப்பை நீவி விட்டுக்கிட்டு எந்திரிச்சேன். ஊட்டுக்காரர் பொண்ணுக்குப் போடறதுக்கு வாங்குன மோதிரப் பொட்டியைப் பைல இருந்து எடுத்துக்கிட்டாரு. எடுத்துக்கிட்டு, கூட்டத்தை ஒரு சுத்துப் பாத்தாரு. மண்டபத்துல திருட்டு நெம்ப ஜாஸ்தியாம். போன கண்ணாலத்துல யாரோ போனைத் தொலைச்சுப்போட்டாங்களாம். அவரு அத்தையைப் பாத்தாரு. அத்தை என்னையப் பாத்தாங்க.

"சித்தெ பையைப் பாத்துக்கறியா கண்ணு. நாங்க சுருக்கா வந்தர்றோம்."

அந்தக் கொரல்ல வஞ்சகம் துளி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கலை. திட்டியிருந்தாத் திருப்பித் திட்டியிருப்பேன். நான் சிரிச்சேன்.

"அதுக்கென்னங்க அத்தை."

மூணு பேரும் போயி வரிசையில நின்னாங்க. முன்னாடி மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரைச் சனம் ஒரு படையே நின்னுச்சு. நான் சேர்ல உக்காந்து, பக்கத்துச் சேர்ல பையை வெச்சு, அதைப் பாத்துக்கச் சொன்னாங்க இல்லீங்களா, பாத்தேன். நல்லாப் பாத்தேன். என் கட்டை விரலு வீங்கப் பின்னுன பை. எனக்காகப் பின்னுன பை. அதுக்கு நான் வாட்ச்மேன். கைப்பிடி ஓரத்துல அந்த ஊக்கு இன்னும் மாட்டுன மாதிரியே இருந்துச்சு, வேர்வை பட்டுத் துருப் புடிச்சு.

ஊக்கைக் கழட்டுனேன். நூலைப் புடிச்சு இழுத்தேன்.

கைப்பிடி சர்ருன்னு அவுந்துச்சு. பின்னறதுக்கு ஒரு மாசம் ஆன சங்கதி, அவுக்கறதுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. இழுக்க இழுக்க உருண்டையில சுத்திக்கிட்டே வந்தேன். பக்கத்து வரிசையில ஒரு அம்மா, என்னங்க பையை அவுக்கறீங்கன்னு கேட்டாங்க. பாத்துக்கச் சொல்லியிருக்காங்கன்னேன். அவங்க தன் கைப்பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. பைக்கு வாய் போச்சு, கழுத்து போச்சு, பாதி ஒடம்பு போச்சு. முடி மிஷின் வெளிய எட்டிப் பாத்துச்சு. தைலப் புட்டி சாஞ்சுச்சு. கடைசியில அடிவட்டம் மட்டும் சேர்ல மிஞ்சிக் கெடந்துச்சு, அது மேல எங்க குடும்பத்துச் சாமான் அத்தனையும் சீர்த்தட்டு வெச்ச மாதிரி குமிஞ்சு நின்னுச்சு. நான் அடிவட்டத்தையும் விடலை. ஓரத்தைப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். டம்ளர் கீழ விழுந்து, உருண்டு, மேளக்காரங்க வாசிக்காத நேரமாப் பாத்து மண்டபம் பூராவும் கணகணன்னு சத்தம் போட்டுக்கிட்டு மேடைப் படி வரைக்கும் போச்சு. ஸ்பேனர் அதுக்குப் பின்னாடி விழுந்துச்சு.

அப்ப எங்க ஆளுங்க மேடைக்கே ஏறியாச்சு. போட்டோக்காரன் லைட்டை எல்லாம் சரி பண்ணி, சிரிங்கன்னு சொல்லியாச்சு. எல்லாரும் சிரிச்ச மொகத்தோட அப்படியே என் பக்கம் திரும்புனாங்க.

நான் எந்திரிச்சு நின்னேன். கொரலை ஒசத்தலை. மண்டபமே அமைதியா இருந்துச்சு, ஒசத்த வேண்டிய அவசியமும் இல்லை.

"ஏனுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. அவங்கவங்க சாமானை அவங்கவங்க சித்தெ எடுத்துக்கறீங்களா. போட்டோவுக்கு நானும் வாரேனுங்க."

இதுக்கு என்ன பதில் சொல்லணும்னு ஊரே முடிவு பண்ணி வெச்சிருக்குது இல்லீங்களா. அத்தனை ஒறம்பரை முன்னாடி, இத்தனை மருவாதையாக் கேட்டா யாரு முடியாதுன்னு சொல்ல முடியும். ஊட்டுக்காரருக்குக் காது மடலெல்லாம் செவந்து போச்சு. மொதல்ல அவருதான் எறங்குனாரு. பட்டு வேட்டியை ஒரு கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு, குனிஞ்சு ஸ்பேனரை எடுத்தாரு. அத்தை படி வரைக்கும் உருண்டு வந்த டம்ளரை எடுத்து முந்தானையில தொடைச்சாங்க. தொடைச்ச வேகத்துலயே எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு. மக ஓடியாந்து அவ மிஷினையும் சார்ஜரையும் பொறுக்கிக்கிட்டு, அம்மா மானம் போகுதுங்கம்மான்னு கிசுகிசுத்தா. என்னோடது எப்பவோ போச்சு கண்ணு, இப்ப உங்களோடது போகுதுன்னேன்.

மேடையில சாமானை வெக்க எடமில்லை. பின்னாடி பொண்ணு ஊட்டுச் சனம் இன்னொரு கூட்டம் வரிசையில நின்னு மொறைக்குது. போட்டோக்காரன் சீக்கிரம் சீக்கிரம்னு பறந்தான். கீழ யாருகிட்டயாவது குடுத்துட்டு வரலாம்னா, குடுக்கறதுக்கு எப்பவும் இருக்கற ஆளு இன்னைக்கு மேடையில நிக்கறேன். வேற வழியில்லாம அப்படியே நின்னாங்க. பொண்ணு என் கையைப் புடிச்சுத் தன் பக்கத்துல இழுத்து நிறுத்திக்கிட்டா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

அந்தப் போட்டோவைத்தான் நஞ்சப்பன் பெருசாப் போட்டு அவங்க ஊட்டுக் கூடத்துல மாட்டியிருக்காரு. பொண்ணு அதைத்தான் மாட்டணும்னு ஒத்தைக் கால்ல நின்னுச்சாம். நடுவுல மாப்பிள்ளையும் பொண்ணும். ஒரு பக்கம் என் ஊட்டுக்காரர், ஒரு கையில மோதிரப் பொட்டி, இன்னொரு கையில ஸ்பேனர், மாப்பிள்ளைக்கு எங்கயோ நட்டு கழண்டிருக்குது, முடுக்க வந்த மாதிரி. அவருக்குப் பக்கத்துல அத்தை, டம்ளரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. மக கையில முடி மிஷின், ஒயரு முழங்கால் வரைக்கும் தொங்குது. இந்தப் பக்கம் மயில் கழுத்து நீலத்துல நானு. கையில தேங்காயை விடப் பெரிய நூலு உருண்டை. முழுசா இருக்கறேன், தலை, கை, கால் எல்லாம். அத்தனை பேர்ல நல்லாச் சிரிச்சது நான் ஒருத்திதான்.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அவங்கவங்க சாமான் அவங்கவங்க மடியில இருந்துச்சு. எனக்கு சன்னலோரம் சீட்டுக் கெடைச்சுச்சு. பெருந்துறை தாண்டுனதும் பிளாஸ்டிக் கவர்ல இருந்து கடலை மிட்டாயை எடுத்துத் தின்னுக்கிட்டே வந்தேன். நல்ல மொறுமொறுன்னு இருந்துச்சு, சத்தம் அவங்களுக்கும் கேட்டிருக்கும்.

ஒரு மாசம் மொகத்தைத் தூக்கி வெச்சிருந்தாங்க. பொறவு ஊட்டுக்காரர் அவருக்குன்னு ஒரு தோள் பை வாங்குனாரு. அத்தை டம்ளருக்கு ஒரு சுருக்குப் பை தெச்சுக்கிட்டாங்க. மொதலாளி டூப்ளிகேட் சாவியைத் தேடி வந்தாரு, கையில குடுத்தேன். நான் அதே நூலை எடுத்து மறுபடி பின்ன ஆரம்பிச்சேன். அதே அளவு, அதே இறுக்கம். இந்தத் தடவை டவுன்ஹால் போயி மரப் பட்டன் வாங்கியாந்து மூடியும் வெச்சாச்சு.

போன வாரம் காத்தால நான் கடைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தேன். ஊட்டுக்காரர் வந்து பையைத் தடவிப் பாத்தாரு. நெம்ப அழகா வந்திருக்குதே அம்மணின்னாரு. கையில அவரு கண்ணாடிக் கூடு இருந்துச்சு. பேச்சு வாக்குல கேக்கற மாதிரி, கடைசி முடிச்சுப் போட்டாச்சான்னு கேட்டாரு.

"இன்னும் இல்லீங்க"ன்னேன்.

அவரு கைப்பிடியோரம் மாட்டியிருந்த ஊக்கைச் சித்தெ நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. பொறவு கண்ணாடிக் கூட்டைத் தன் சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு வேலைக்குப் போனாரு.